ஜெர்மன் குடும்பப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

ஒரு ஜெர்மன் குடும்பப்பெயர் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் அகராதியைத்தான் புரட்டுகிறார்கள். ஷ்மிட் என்றால் கொல்லர், ஃபிஷர் என்றால் மீன்பிடிப்பவர், அவ்வளவுதான் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு கொல்லர் இருந்தார், அவரவர் ஊரில் அவரவர் ஷ்மிட் ஆனார்கள். இரண்டு ஷ்மிட் குடும்பங்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஜெர்மனியில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் முல்லர் (மாவு ஆலைக்காரர்) என்ற பெயரும் அப்படித்தான். அதனால் அர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊரைப் பிடியுங்கள்.

ஊரைப் பிடிக்கப் பெயரே கொஞ்சம் கைகொடுக்கும். பானை செய்பவர் தெற்கே ஹாஃப்னர், கிழக்கே டோப்ஃபர். வண்டி செய்பவர் தெற்கே வாக்னர், வடமேற்கே ராடமாக்கர், வடகிழக்கே ஸ்டெல்மாக்கர். பீட்டர்ஸென் மாதிரி 'ஸென்' என்று முடிந்தால் டென்மார்க்கை ஒட்டிய ஷ்லெஸ்விக் பக்கம் தேடலாம், 'லே' என்று முடிந்தால் தென்மேற்கே உள்ள ஸ்வாபியா. ஒரு பொறி மட்டும் உண்டு: பையர் என்றால் பவேரியாக்காரர், ஆனால் பவேரியாவுக்குள் எல்லோருமே பவேரியாக்காரர்கள்தானே, அங்கே அதைச் சொல்லி யாரை அடையாளம் காட்ட முடியும்? அந்த ஊரை விட்டு வெளியே போய்க் குடியேறியவருக்குத்தான் இப்படிப் பெயர் ஒட்டும்.

சரி, ஊர் ஓரளவு தெரிந்துவிட்டது. இனி ஆவணங்களில் பின்னோக்கிப் போக வேண்டும், ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டிக் குதிக்காமல். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் உண்டு, அன்றைய பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலேயே வந்துவிட்டன. பிறப்புப் பதிவு 110 ஆண்டுகள், திருமணம் 80, இறப்பு 30 ஆண்டுகள் கழிந்தால் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், அதன்பின் யாரும் பார்க்கலாம். அரசுப் பதிவு தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. பல இடங்களில் அவை 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகின்றன, ஆனால் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எத்தனையோ அழிந்துபோயின. பல கத்தோலிக்கப் பதிவேடுகளை இணையத்தில் மட்ரிகுலா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்கியோன் தளம் கட்டணம் கேட்கும்.

படிப்பதுதான் பெரும்பாடு. குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்தில் 'e' எழுத்து அச்சு அசல் 'n' மாதிரியே இருக்கும், 'u' எழுத்தும் அப்படியே, அதன் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு போட்டுத்தான் 'n'-இலிருந்து பிரித்துக் காட்டுவார்கள். பெண்களின் பெயரோடு 'இன்' சேர்ந்துகொள்ளும்; 'முல்லரின்' என்று இருந்தால் அது நம் வேற்றுமை உருபு இல்லை, வேறு குடும்பமும் இல்லை, முல்லர் வீட்டுப் பெண், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலை நம்பவே நம்பாதீர்கள். தமிழில் எழுதினால் எல்லாம் மையர்தான், ஜெர்மனிலோ அதே பெயருக்கு ஐந்தாறு விதம், எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தது. படித்தவர்கள் வேறு தங்கள் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொண்டார்கள்: முல்லர் மோலிட்டர் ஆனார், தையற்காரர் ஷ்னைடர் சர்டோரியஸ் ஆனார். யூதக் குடும்பம் என்றால் பிரஷ்யாவில் 1812-க்கு முன்னால் நிலையான குடும்பப்பெயரே இல்லாமல் இருக்கலாம், அங்கே தந்தையின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பெயருக்கான 'குடும்பச் சின்னம்' என்று படம் விற்பவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது, அந்தப் பெயர் வைத்த எல்லோருக்கும் அல்ல.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பக்கம் தேடுகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பண்ணைக்கு ஒரு பெயர் இருக்கும், அந்தப் பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனவர் தன் பெயரை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்வார், பிள்ளைகளுக்கும் அதுதான். பதிவேட்டில் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'கெனான்ட்', அதாவது 'என்று அழைக்கப்படும்', என்ற சொல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். அதற்கு முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் அவர் பிறந்த வீட்டுப் பெயர், தந்தை வழியில் மேலே போக அதைத்தான் பிடிக்க வேண்டும்.