ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு தோற்றம் பிடிக்கவில்லையா? ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் வழி

பல ஆண்டுகளாக அப்டேட் செய்யாமல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸைப் புதுப்பித்ததும் டேப்கள் தடித்துப்போயிருக்கும், கைப்பழக்கமான சில பட்டன்கள் இருந்த இடத்தில் இருக்காது. பெரிய மாற்றம் 2021 ஜூன் 1 அன்று வெளியான 89ஆம் பதிப்பில் வந்தது. அந்த வடிவமைப்பின் பெயர் புரோட்டான். அடுத்தடுத்த பதிப்புகள் அதன் மேல்தான் மாற்றங்களைச் சேர்த்தன.

பழைய பதிப்பையே திரும்ப நிறுவிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பதிப்பிலும் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளின் விவரம் வெளிப்படையாகக் கிடைக்கிறது. பழைய பதிப்பில் அந்த ஓட்டைகள் திறந்தே இருக்கும். அதோடு, 67ஆம் பதிப்பிலிருந்து இன்னொரு தடையும் உண்டு: புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலை (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, அமைப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) பழைய பதிப்பு திறக்காது, புதுப் புரொஃபைல் உருவாக்கச் சொல்லும். புக்மார்க், பாஸ்வேர்டு எதுவும் அந்தப் புதுப் புரொஃபைலில் இருக்காது. எல்லாம் அழிந்துவிட்டது என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அவை பழைய புரொஃபைலில் பத்திரமாக இருக்கும்.

முதலில் பேக்கப்

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ அழுத்தினால் புக்மார்க் ஜன்னல் திறக்கும். 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' மெனுவில் 'பேக்கப்' கொடுத்து, கோப்பை வேறு டிரைவில் சேமியுங்கள். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

தடித்த டேப்களை மெலிய வைத்தல்

அதிகம் எரிச்சல் தருவது இதுதான். முன்பு 33 பிக்சல் உயரத்தில் இருந்த டேப் வரிசை, புரோட்டானில் 44 ஆனது. 768 பிக்சல் உயரமே உள்ள பழைய லேப்டாப்பில் இது நன்றாகவே தெரியும். இதைக் குறைக்கும் 'காம்பாக்ட்' வசதி நீக்கப்படவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்டேட்டுக்கு முன்பே காம்பாக்ட் வைத்திருந்தவர்களுக்கு அது அப்படியே தொடரும். மற்றவர்கள் இப்படிச் செய்யலாம்:

1. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். எச்சரிக்கைப் பக்கம் வரும். அதில் உள்ள ஒரே நீலப் பட்டனை அழுத்தித் தொடருங்கள்.

2. மேலே உள்ள தேடல் பெட்டியில் 'காம்பாக்ட்மோட்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். 'பிரவுசர்.காம்பாக்ட்மோட்.ஷோ' என்ற வரி 'ஃபால்ஸ்' மதிப்போடு தெரியும். வலது ஓரத்தில் உள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் 'ட்ரூ' ஆகிவிடும்.

3. டூல்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'கஸ்டமைஸ் டூல்பார்' திறங்கள். கீழ்வரிசையில் 'டென்சிட்டி' இருக்கும். அதில் 'காம்பாக்ட்' தேர்ந்தெடுத்து 'டன்' கொடுங்கள்.

இரண்டாம் படியில்தான் பலர் தவறுகிறார்கள். எழுத்துப்பிழையோடு தட்டினால் ஃபயர்ஃபாக்ஸ் 'கிடைக்கவில்லை' என்று சொல்லாது. நீங்கள் தட்டிய பெயரிலேயே புது அமைப்பு ஒன்றை உருவாக்கவா என்று கேட்டு, பூலியன், நம்பர், ஸ்டிரிங் என மூன்று தேர்வுகளோடு ஒரு கூட்டல் குறியைக் காட்டும். அதை அழுத்தினாலும் எந்தப் பயனும் இருக்காது. எழுத்துகளைச் சரிபார்த்து மறுபடி தட்டுங்கள்.

டென்சிட்டியில் காம்பாக்ட் பக்கத்திலேயே 'ஆதரவு இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினசரிப் பயன்பாட்டுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

காணாமல்போனவை

மெனு பார் வேண்டுமென்றால் ஆல்ட் விசையை ஒருமுறை அழுத்துங்கள், தற்காலிகமாகத் தெரியும். நிரந்தரமாக வேண்டுமென்றால் டூல்பாரில் ரைட் கிளிக் செய்து 'மெனு பார்' தேர்ந்தெடுங்கள். புக்மார்க் பட்டைக்குக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி. புது டேப்பில் மட்டும் தெரிந்து மற்ற பக்கங்களில் மறைந்துபோகிறதா? அந்தப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் ஷோ' கொடுங்கள்.

முகவரிப் பட்டைக்குள் இருந்த மூன்று புள்ளி மெனு போய்விட்டது. அதில் பலர் பயன்படுத்தியது ஸ்கிரீன்ஷாட். இப்போது அது பக்கத்தில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும், அல்லது கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்.

109ஆம் பதிப்பிலிருந்து ஆட்-ஆன் ஐகான்கள் புதிர்த்துண்டு வடிவப் பட்டனுக்குள் போயிருக்கலாம். அதை அழுத்தி, வேண்டிய ஆட்-ஆன் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியில் 'பின் டு டூல்பார்' கொடுத்தால் வெளியே வந்துவிடும். டேப்கள் இடப்பக்கம் செங்குத்தாக நிற்கின்றன என்றால், 136ஆம் பதிப்பில் வந்த வசதி இயங்குகிறது என்று பொருள். டூல்பாரில் ரைட் கிளிக் செய்து அணைத்துவிடலாம். அணைப்பதற்கு முன் ஒரு வாரம் அப்படியே வைத்துப் பாருங்கள் என்பது எங்கள் பரிந்துரை. அகலமான திரையில் இருபது முப்பது டேப் திறப்பவர்களுக்கு, தலைப்பு முழுதும் படிக்கும்படி இருப்பது பெரிய உதவி.

எந்த டேப்பில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்ற புகாரும் நியாயமானது. டேப்களுக்கு நடுவே இருந்த கோடுகள் போய்விட்டதால் வெளிர்நிறத் தீமில் வேறுபாடு மங்கிவிட்டது. 'ஆட்-ஆன்ஸ் அண்ட் தீம்ஸ்' பகுதியில் அடர்நிறத் தீம் ஒன்றுக்கு மாறுவதே எளிய தீர்வு.

பழைய குறிப்புகள் வேலை செய்யாது

தேடினால் 'புரோட்டான்.எனேபிள்டு' என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் 2021ஆம் ஆண்டுக் குறிப்புகள் ஏராளமாக வரும். 90ஆம் பதிப்பு வரைதான் அது பலித்தது. 91இல் புரோட்டானுக்கு முந்தைய வடிவமைப்பின் நிரலையே எடுத்துவிட்டார்கள், எனவே அந்தச் சுவிட்சால் இப்போது எதுவும் நடக்காது.

இன்னும் மாற்ற வேண்டுமானால்

கடைசி வழி 'யூசர்குரோம்' என்ற சிஎஸ்எஸ் கோப்பு, அதாவது ஃபயர்ஃபாக்ஸின் தோற்றத்தை மாற்றும் கட்டளைகளை நாமே நோட்பேட் போன்ற ஒன்றில் எழுதி வைக்கும் கோப்பு. மெனுவால் முடியாததைக்கூட இது செய்யும், ஆனால் எந்த அப்டேட்டிலும் உடையலாம். அபவுட்:கான்ஃபிக்கில் 'லெகசியூசர்' என்று ஆங்கிலத்தில் தேடி, 'ஸ்டைல்ஷீட்ஸ்' என்று முடியும் வரியை ட்ரூ ஆக்குங்கள். ஹெல்ப் மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'புரொஃபைல் ஃபோல்டர்' வரியில் உள்ள பட்டனை அழுத்துங்கள். திறக்கும் ஃபோல்டருக்குள் 'குரோம்' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, கோப்பை அதில் வைத்து ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறங்கள்.

ஒன்றுமே மாறவில்லை என்றால், விண்டோஸில் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நோட்பேட் கோப்பின் பெயர்க்கடைசியில் '.டிஎக்ஸ்டி' சேர்த்திருக்கும், விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்தால் அது கண்ணில் படும், நீக்கிவிடலாம்.

மாறாக, ஜன்னல் குழம்பிப்போய்ப் பட்டன்களே தெரியவில்லை என்றால், ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அந்தக் 'குரோம்' ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். 'ட்ரபிள்ஷூட் மோட்' வழியாகவும் சோதிக்கலாம், அதில் இந்தக் கோப்பு இயங்காது. அங்கே வரும் பெட்டியில் 'ஓப்பன்' பட்டனை மட்டும் அழுத்துங்கள். அதே பெட்டியில் உள்ள 'ரெஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்' உங்கள் ஆட்-ஆன்களையும் இதுவரை மாற்றிய அமைப்புகளையும் மொத்தமாக நீக்கிவிடும்.