ஆரஞ்சுப் பேய் பயந்தவனா? பழைய வீடியோ கேமைப் பேசிக்கொண்டே விளையாடும் முறை

பழைய வீடியோ கேமுக்கு ஆடுகிறவர் ஒருவர் போதாது, பார்க்கிறவரும் ஒருவர் வேண்டும். ஆடுகிறவருக்குத் தப்பிப்பதிலேயே கவனம் போய்விடும். எதிரில் வருகிறவன் எப்படிப்பட்டவன் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத்தான் படும். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் அண்ணன் பிள்ளைகள் இருவரும் நானும் மாறி மாறி உட்காருவோம். பார்க்கிறவருக்கு மட்டும்தான் நிப்பட்டு (தட்டை). எண்ணெய்க் கை ஜாய்ஸ்டிக்கில் படக்கூடாது.

முதலில் டிவியோடு இணைக்கும் கேம் பெட்டி. அதன் வயரில் மஞ்சள் முனை படத்துக்கு, வெள்ளை முனை சத்தத்துக்கு. டிவியில் ஏவி துளை இல்லாவிட்டால் எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கேம் கேசட் ஓடவில்லை என்றால் தயவுசெய்து ஊதாதீர்கள். மூச்சில் இருக்கும் ஈரம் நாளடைவில் உலோகப் பட்டைகளை அரித்துவிடும். மொபைல் ரிப்பேர் கடையில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

தொடங்க பேக்-மேனை விட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது. சந்து சந்தான பாதையில் பேக்-மேன் என்ற மஞ்சள் வட்டம் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும், நான்கு பேய்கள் துரத்தும். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவதானி உருவாக்கியது. நான்கு பேய்களும் ஒரே வரிசையில் பின்னால் ஓடிவரக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் வைத்தார். வசனம் கிடையாது, கதை கிடையாது, நான்கு உருவமும் ஒன்றுதான், நிறம் மட்டும் வேறு. ஆகவே குணத்தை நடையில்தான் தேட வேண்டும்.

பார்க்கிறவர் ஒரு லைஃப் முடியும்வரை ஒரே ஒரு பேயை மட்டும் பின்தொடரட்டும். முடிந்ததும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும். ‘கெட்டவன்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த முனையில், என்ன செய்தான் என்று கேளுங்கள். ஒன்று கவனம்: பேய்கள் அவ்வப்போது துரத்துவதை விட்டு அவரவர் மூலைக்குப் போய்விடும். முதல் லெவலில் ஆட்டம் தொடங்கியதும் 7 விநாடி அப்படித்தான். அந்த நேரத்தில் பார்த்ததை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது.

ஆரஞ்சு நிற கிளைடைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. “பயந்தாங்கொள்ளி அத்தை, கிட்ட வந்ததும் ஓடிடறான்” என்றாள் அண்ணன் மகள். “இல்ல, அவனுக்கு நம்மளப் பிடிக்கணும்னே இல்ல” என்றான் அவள் தம்பி. இந்த மாதிரி இரண்டு பேச்சு வந்தால் யார் சரி என்று நீங்கள் சொல்லாதீர்கள். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிளைட் ஓடுவது எப்போதும் கீழ் இடது மூலைக்குத்தான். சரி, பேக்-மேனை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினோம். பயந்தவன் என்றால் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆனால் நேராக எங்கள் மேலேயே வந்து ஏறினான்! 8 கட்டத்துக்கு (பாதையை அளக்கும் சின்னச் சதுரம்) அப்பால் இருந்தால் துரத்துவான், அதற்குள் வந்தால் தன் மூலைக்குத் திரும்புவான், அவ்வளவுதான் அவன் கணக்கு. நடுவில் யார் நின்றாலும் அவனுக்குக் கவலையில்லை. “அவனுக்கு வீட்டு நினைப்பு” என்று கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இளஞ்சிவப்பு பிங்கி நாம் போகும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைப்பாள். அவளை நோக்கியே நேராகப் போய்ப் பாருங்கள்; குறி அவளுக்குப் பின்னால் விழுவதால் பல சமயம் முனையில் திரும்பிப் போய்விடுவாள். தந்திரக்காரியா, முகத்துக்கு நேராக நிற்கத் தைரியம் இல்லாதவளா என்று அரை மணி நேரம் பேசலாம். சிவப்பு பிளிங்கி நேராக வருவான், புள்ளிகள் குறையக் குறைய வேகம் கூடும். நீல நிற இங்கியைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பிளிங்கி நிற்கும் இடத்தையும் சேர்த்துத்தான் அவன் வழியைத் தீர்மானிக்கிறான். அதனால் இங்கியைக் கடைசியாக வையுங்கள்.

மேரியோவில் (1985) ஆமைகள் போதும். பச்சை ஆமை விளிம்பில் நிற்காமல் நடந்து விழும், சிவப்பு ஆமை திரும்பிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்ல முதல் பாடம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 1989இல் வெளிவந்த ஆட்டம். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்த நடை அது. இளவரசன் 4ஆம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்ததும் அவனுடைய நிழல் மறுபக்கம் வெளியே வரும். அடுத்த லெவலில் மருந்தைக் குடித்துவிட்டுப் போகும், அதற்கடுத்து கதவை மூடிவிடும். பிள்ளைகள் அதைத் திருடன், துரோகி என்பார்கள். சொல்லட்டும். 12ஆம் லெவலில் அது வாளோடு எதிரே நிற்கும்போது, அதைக் குத்தினால் நம் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். முதல் குத்து விழுந்ததும் எஸ்கேப் அழுத்துங்கள், ஆட்டத்தை முடிக்கத் தரும் 60 நிமிடக் கணக்கும் அதோடு நிற்கும். “அவனைக் குத்தினா உனக்கு ஏன் குறையுது?” என்று கேட்டுவிட்டு, அவர்களாகப் பதில் சொல்லும்வரை மறுபடி தொடங்காதீர்கள்.