மாற்றியமைத்த பழைய வண்டிக்கு இழப்பீடு: கையெழுத்துப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வண்டியைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்து வைத்திருப்பவருக்கு விபத்தைவிட அதிகமாக வலிப்பது, அதன் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் கடிதம். எஞ்சினை இறக்கிப் புதிதாகக் கட்டியிருப்பார். துருவேறிய அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது பற்றவைத்திருப்பார். கடிதத்தில் இருப்பதோ, கவனிப்பாரற்று வெயிலில் நின்ற அதே ஆண்டு வண்டிக்கான விலை. இந்த அநியாயத்துக்குப் பல நேரங்களில் நாமே வழி திறந்துவிடுகிறோம்.

செய்த மாற்றங்களைச் சொல்லாமல் மறைப்பதுதான் பெரிய தவறு. பிரீமியம் கூடிவிடுமோ என்ற பயத்தில் பலர் வாய்திறப்பதில்லை. எஞ்சின், டர்போ, பிரேக், சஸ்பென்ஷன், எரிபொருள் வகை ஆகியவற்றை மாற்றினால், நிறுவனம் ஏற்கும் ஆபத்தின் அளவே மாறுகிறது. சொல்லாமல் விட்ட பாகத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். கோரிக்கை முழுவதுமே நிராகரிக்கப்படவும் கூடும். தொலைபேசியில் சொன்னது போதாது. எழுத்தில் தெரிவித்து, அது பாலிசியில் சேர்க்கப்பட்டதற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சினையே மாற்றியிருந்தால் பதிவுச் சான்றிலும் புதிய எண் இருக்க வேண்டும்.

அடுத்தது, பாலிசி எந்த மதிப்பில் பணம் தரும் என்று படிக்காமல் இருப்பது. சந்தை மதிப்புப் பாலிசி, விபத்துக்கு முந்தைய கணத்தில் வண்டி என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்க்கிறது. தேய்மானம் அதில் அடங்கிவிடும். ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியில் இரு தரப்பும் முன்கூட்டியே ஒரு தொகையை முடிவுசெய்கின்றன. வண்டி முழு இழப்பானால், அதாவது சரிசெய்வது கட்டுப்படியாகாத அளவுக்குச் சேதமானால், அதுதான் அடிப்படை. இவை இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணி உண்டு. உரிமையாளர் குறிப்பிட்ட மதிப்பு என்று ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். அடியில் சிறிய எழுத்தில், அந்தத் தொகை அல்லது சந்தை மதிப்பு, இவற்றில் எது குறைவோ அது வழங்கப்படும் என்றிருக்கும். பெரிய தொகைக்குப் பிரீமியம் கட்டிவிட்டுச் சிறிய தொகையை வாங்கிச் செல்பவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காதவர்கள்தான்.

ரசீதுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான வெப்பத்தாள் பில்லை உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்போம். சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் எழுத்து மங்கி, வெறும் மஞ்சள் தாள்தான் மிஞ்சியிருக்கும். வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். பாகத்துக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கின் கூலிக்கும் ரசீது வேண்டும். வேலை நடக்கும்போதே, பாகத்தின் எண் தெரியும்படி ஒரு படம். முடிந்த பின் ஓடோமீட்டருடன் ஒரு படம். நொறுங்கிப்போன வண்டியைப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு அது நேற்றுவரை எப்படி இருந்தது என்பதை இவைதான் காட்டும்.

அத்தனை ரசீதையும் கூட்டி, "இவ்வளவு செலவழித்தேன், இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்பதும் தவறு. மனம் ஏற்க மறுக்கும், ஆனாலும் செலவு வேறு, மதிப்பு வேறு. புதிதாகக் கட்டிய எஞ்சின் விலையைக் கூட்டும். உங்கள் ரசனைக்காக ஒட்டிய அலங்காரம் கூட்டாது, சில சமயம் குறைக்கவும் செய்யும். இதே நிலையில் உள்ள இன்னொரு வண்டியை இன்று வாங்க என்ன ஆகும் என்பதுதான் வலுவான கேள்வி. அதே மாடல், அதே வகை, ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் விற்பனை விளம்பரங்களைத் தேதியுடன் சேகரித்துக் கொடுங்கள்.

மதிப்பீட்டு அறிக்கையின் முழுப் பிரதியையும் கேளுங்கள். அதில் வரிவரியாகத் தேட வேண்டியவை உண்டு. உயர்வகை வண்டி அடிப்படை வகையாகப் பதிவாகியிருக்கலாம். ஓடிய தூரம் தவறாக இருக்கலாம். எதையும் திறந்து பார்க்காமலே எஞ்சின் நிலை "சராசரி" என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு எதிராக எஞ்சின் கட்டிய ரசீதை வைத்து, திருத்தச் சொல்லி எழுதுங்கள். கோபத்தை விட இதற்குப் பலன் அதிகம்.

முதலில் சொல்லும் தொகையை முடிவான தொகையாக எண்ணி, முழுத் தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். பிறகு கேட்பது மிகக் கடினம். சில பாலிசிகளில் இரு தரப்பும் தத்தம் மதிப்பீட்டாளரை நியமித்து, அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவரிடம் விடும் ஏற்பாடு உண்டு. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் நியமிக்கும் மதிப்பீட்டாளரின் கட்டணம் உங்களுடையது என்பதால், தொகையில் உள்ள இடைவெளி அதற்கு ஈடாகுமா என்பதையும் கணக்கிடுங்கள்.

விபத்துக்குப் பிறகு விலையுயர்ந்த சக்கரங்களையும் இருக்கைகளையும் அவசரமாகக் கழற்றிக்கொண்டு போவதும் வேண்டாம். வண்டி குறைபாட்டுடன் வந்ததாகக் கணக்காகும். அந்தப் பாகங்கள் வேண்டுமென்றால், அவற்றின் மதிப்பைக் கழித்துக்கொண்டு தரச் சொல்லலாம். பல நிறுவனங்கள் உடைந்த வண்டியையே அப்படித் திரும்பத் தருவதுண்டு. அதைப் பணம் கைமாறும் முன்பே எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும், ஏனெனில் வண்டி ஏலத்துக்குப் போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்க மாட்டார்.