ஹெவி லைசன்ஸ் வரும் வரைக்கும் என்ன செய்வது? லொறிக்கு வர நினைக்கும் திருகோணமலைத் தம்பிமாருக்கு

ஓ.எல். முடித்த கையோடு "அண்ணா, லொறி ஓட்டப் போகணும், யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்டு வரும் பொடியன்களிடம் நான் முதலில் கேட்பது வயதைத்தான். பதினேழு என்பான். சரி, அப்படியென்றால் கணக்குப் போடு. லைட் வாகன லைசன்ஸுக்கு 18 நிரம்ப வேண்டும். ஹெவிக்குப் போக, லைட் லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடமாவது கழிந்திருக்க வேண்டும். என்ன தலைகீழாக நின்றாலும் இருபது, இருபத்தொரு வயதுக்கு முன் பெரிய லொறியின் ஸ்டியரிங் உன் கைக்கு வராது. அந்த மூன்று நான்கு வருடத்தை எப்படிக் கழிக்கிறாய் என்பதில்தான் உன் முதல் வேலை இருக்கிறது, லைசன்ஸ் அட்டையில் இல்லை. அட்டையை வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் மட்கோ சந்தியில் நிற்கிற ஆட்களையும் எனக்குத் தெரியும்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் லொறி, சித்தப்பாவின் டிப்பர் என்று சொல்லி லைசன்ஸ் இல்லாமல் ரோட்டில் எடுக்காதே. பொலிஸ் பிடித்தால் தண்டப் பணம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்கும், வாகனத்தைத் தந்தவனுக்கும் வழக்கு வரும். அதைக்கூடக் கட்டித் தொலைக்கலாம். ஆனால் ஒரு ஆளில் தட்டிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், பிறகு வீட்டுக் காணியை விற்றாலும் கட்டி முடியாது.

பதினாறு பதினேழு வயதில் கராஜுக்குப் போ, எடுபிடியாக இல்லாமல் பழகப் போகிறவனாக. 18 ஆகாத பிள்ளையை ஆபத்தான வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம், அதனால் நல்ல கராஜ் பாஸ் உன்னை ஜாக்கி போட்ட லொறிக்குக் கீழே படுக்க விடமாட்டார், விட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடு. ஆனால் ஃபில்டர் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது பழகுவது, இதெல்லாம் அங்கேதான் வரும். முறையாகப் படிக்க விருப்பமென்றால் தொழிற் பயிற்சி அதிகார சபையின் வாகன மெக்கானிக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடு. நடுரோட்டில் ஃபேன் பெல்ட் அறுந்தால் தானே மாட்டிக்கொண்டு வரும் ட்ரைவரை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டான்.

18 நிரம்பியதும் லைட் லைசன்ஸ். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மெடிக்கல், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இவற்றோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், 40 கேள்வி. சின்னச் சோதனைதானே என்று புத்தகத்தைத் திறக்காமல் போகிறவன்தான் அதில் விழுகிறவன். அதில் சித்தியடைந்ததும் கிடைக்கும் பழகுநர் பத்திரம் ஒன்றரை வருடத்துக்குச் செல்லும். எல் போட் போட்டு ஓடிப் பழகி ட்ரயலுக்கு, அதாவது ஓட்டிக் காட்டும் சோதனைக்குப் போ. ட்ரயலில் பொடியன்கள் விழுவது பெரும்பாலும் ரிவேர்ஸில். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தே பழகியிருப்பார்கள். நீ லொறிக்குப் போகிறவன், அங்கே திரும்பிப் பார்த்தால் பின்னால் சாமான் ஏற்றும் போடி மட்டும்தான் தெரியும். அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு கண்ணாடியையும் பார்த்து ரிவேர்ஸ் எடு.

ட்ரைவிங் ஸ்கூல் தேடும்போது முழுக் காசையும் ஒரேயடியாகக் கொடுக்காதே. நான் ஹெவி பழகிய காலத்தில் ஓர் இடத்தில் அப்படிக் கொடுத்துவிட்டு, கிளட்ச் போன லொறி ஒன்றை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு நின்றேன். வாகனத்தை முதலில் காட்டச் சொல், அது ஓடுகிறதா என்று பார், பிறகு பகுதி பகுதியாகக் கட்டு. ட்ரயல் இல்லாமலே எடுத்துத் தருகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம்.

லைட் லைசன்ஸ் வந்ததும் உனக்கு இரண்டு வழி திறக்கும். ஒன்று பட்டா என்கிற சின்ன லொறி. ஹார்ட்வெயார் கடைக்குச் சாமான் இறக்க, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோக, கொட்பே துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்ற என்று டவுனுக்குள்ளேயே ஓட்டம் இருக்கும், சம்பளமும் பரவாயில்லை. மற்றது பெரிய லொறியில் கிளீனர். கையில் லைசன்ஸ் இருந்தும் கிளீனராகப் போவதா என்று சிலருக்கு வெட்கம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. பட்டா ஓட்டினால் பட்டா ஓட்டப் பழகுவாய், அவ்வளவுதான். கிளீனர் சீட்டில் இருந்தால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கொழும்பு வரைக்கும் ரோட்டின் ஒவ்வொரு வளைவும் உன் மண்டைக்குள் ஏறும், எந்த இடத்தில் எந்தக் கியரில் இறங்குகிறார்கள் என்று தெரியும், லோட் ஏற்றும் இடங்களில் உன் முகம் தெரியும்.

எங்கே போய்க் கேட்பது? திருகோணமலையில் லொறி நிற்கும் இடங்கள் ஊருக்கே தெரியும். சீனக்குடாப் பக்கம் பிரிமா மா ஆலைக்கும் டோக்கியோ சீமெந்துக்கும் வரும் லொறிகள், கந்தளாய் அரிசி ஆலைகள், கிண்ணியா மண் டிப்பர்கள், விடியப்புறம் தம்புள்ளையிலிருந்து மரக்கறியோடு சந்தைக்கு வரும் லொறிகள். போனதும் முதலாளியைத் தேடாதே, ட்ரைவரைப் பிடி. கிளீனரைத் தெரிவு செய்வது பெரும்பாலும் ட்ரைவர்தான், அவன்தானே இரவு பகலாக அந்த ஆளோடு கிடக்கப் போகிறான். அதுவும் வெறுங்கையோடு நின்று "வேலை இருக்கா அண்ணன்" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். லோட் இறக்கி முடிந்து, அந்த ஆள் தனியாக லோட்டை மூடும் படங்கை மடிக்கக் கஷ்டப்படும் நேரம் பார்த்துப் போய் மற்ற மூலையைப் பிடி. மடித்து முடியும்போது அவரே கேட்பார், "எந்த ஊர் தம்பி?" பாலையூற்று என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் என்னுடைய இன்டர்வியூ. அடுத்த செவ்வாய்க்கிழமை விடிய நாலு மணிக்கு அநுராதபுரச் சந்தியில் நிற்கச் சொன்னார், நான் மூன்றரைக்கே நின்றேன்.

கிளீனராக ஏறியதும் முதலில் படங்கு கட்டப் பழகு, சொல்கிறேன் ஏன் என்று. இரண்டு படங்கு போடும்போது பின்பக்கத்துப் படங்கை முதலில் விரித்து, முன்பக்கத்துப் படங்கின் ஓரம் அதற்கு மேலே இரண்டு மூன்று அடி ஏறி வரும்படி போட வேண்டும், அப்போதுதான் ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றும் மழையும் இடுக்கால் உள்ளே போகாது. நான் மாறிப் போட்டேன். மார்கழி மாதம், நமக்கு மழைக்காலம் என்று சொல்லத் தேவையில்லை. தம்பலகாமம் தாண்டும்போதே கொட்டத் தொடங்கியது. இறக்குகிற இடத்தில் பார்த்தால் நடுவில் 14 சீமெந்துப் பை கல்லாகப் போயிருந்தது. காசு ட்ரைவரின் கணக்கில்தான் வெட்டினார்கள், அந்த மனுசன் ஹபரணை வரும் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஹபரணையில் டீ வாங்கித் தந்தார்.

கயிறு கட்டுவதும் அப்படித்தான். வெறும் முடிச்சு நிற்காது. மேலிருந்து வரும் கயிற்றில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வளையம் போட்டு, அதே கயிற்றை மடித்து அந்த வளையத்துக்குள் விட்டு ஒரு கண்ணி எடு. கீழே தொங்கும் நுனியைப் போடியின் கொளுக்கிக்குக் கீழால் கொண்டுவந்து, அந்தக் கண்ணிக்குள் விட்டு, உடம்புப் பாரத்தைப் போட்டுக் கீழ்நோக்கி இழு. கப்பி போட்டு இழுத்த மாதிரி இறுகும். இழுத்த பிடியை விடாமல் இரண்டு சுற்றுச் சுற்றி முடி. வீட்டில் ஜன்னல் கம்பியில் நூறு தரம் கட்டிப் பார்த்துவிட்டுப் போ. நிறுத்தும் இடமெல்லாம் இறங்கிக் கயிற்றைத் தட்டிப் பார், லோட் குலுங்கி அமர்ந்ததும் கயிறு தளரும்.

டயர் பார்ப்பதற்கு ஒரு இரும்புக் கம்பி போதும். பின்னால் ஜோடி டயர், வெளி டயர் நன்றாக இருந்தால் உள் டயர் காற்றுப் போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது. கம்பியால் தட்டு. காற்று இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், சத்தம் இறுக்கமாக இருக்கும். காற்றுப் போனதில் தட்டினால் பஞ்சு மூட்டையில் அடித்த மாதிரி. அப்படியே ஓடினால் சூடேறி வெடிக்கும், தீயும் பிடிக்கும். டயர் மாற்றினால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிவிட்டு நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கு. காற்றுப் பிரேக் லொறியென்றால் காற்றுத் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விட வேண்டும், காலையில் காற்று ஏறி, காற்று காட்டும் மீட்டரின் முள் மேலே வரும் வரைக்கும் லொறி அசையக்கூடாது. இவ்வளவையும் ட்ரைவர் சொல்லாமலே செய்கிற கிளீனருக்குத்தான் ஒரு நாள் மில் வளவுக்குள் "கொஞ்சம் முன்னுக்கு எடு பாப்பம்" என்று சாவி கிடைக்கும். வளவுக்குள் மட்டும்.

சிங்களம் பழகு. தம்புள்ளையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் புறக்கோட்டையிலும் ரிவேர்ஸுக்கு இடம் கேட்பதற்கும், பில்லில் பிழை என்று சொல்வதற்கும், பொலிஸ்காரரோடு மரியாதையாக இரண்டு வார்த்தை பேசுவதற்கும் அது வேண்டும். கிண்ணியா, மூதூர்த் தம்பிமார் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கும் வேண்டும். ஒரு சீமெந்துப் பை 50 கிலோ, 20 பைக்கு ஒரு டன். ஒரு கியூப் மண் என்பது 100 கன அடி, நாலு டன்னுக்கு மேல் நிற்கும், ஈரமென்றால் இன்னும் கூட. எவ்வளவு ஏற்றலாம் என்று வாகனப் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்து வைத்துக்கொள். லைசன்ஸ் வகுப்பும் எடையை வைத்துத்தான்: லோட்டோடு மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை சி1, அதற்கு மேல் சி, பின்னால் ட்ரெயிலர் இழுத்தால் சிஈ. எந்த லொறிக்குப் போகிறாயோ அந்த எழுத்து உன் அட்டையில் இருக்க வேண்டும். ஹெவி லைசன்ஸ் நாலு வருடத்துக்கொரு தரம் மெடிக்கலோடு புதுப்பிக்க வேண்டியது, கண்ணைப் பார்த்துக்கொள்.

ஹெவி எடுத்ததும் முதல் வேலைக்கு மண் டிப்பரில் ஏறாதே என்பேன். பல இடங்களில் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம், அதனால் எல்லோரும் ஓட்டப் பந்தயம். போதாததற்கு மண் பெர்மிட்டில் ஒரு திகதி பிழைத்தாலும் பிடிபடுவது ஸ்டியரிங்கில் இருப்பவன். கைப்பழக்கம் வரும் வரை மா, அரிசி, சீமெந்து மாதிரி நிதானமான லோட் நல்லது. முதலாளியிடம் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. மாதச் சம்பளமா, ட்ரிப் காசா? வழிச் சாப்பாடு யார் கணக்கு? அவர் சொல்லி ஓவர்லோட் ஏற்றிப் பிடிபட்டால் தண்டம் யார் கட்டுவது? ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டா? உண்டென்றால் உன் சம்பளத்தில் 8 சதவீதம், அவர் 12 சதவீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் அவருடையது. "அதெல்லாம் பிறகு பார்ப்பம்" என்றால் பிறகும் வராது. லைசன்ஸை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்காதே. என் முதல் முதலாளி பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி லாச்சிக்குள் போட்டார். வேலையை விடப் போனபோது அதைத் திரும்ப வாங்க ஐந்து வாரம் அலைந்தேன், அந்த ஐந்து வாரமும் ஓட்டம் இல்லை.

இரவு ஓட்டத்தில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை ரோட்டுக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம், அதனால் தூரத்திலேயே நிறுத்தி, லைட்டைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல் இரு. வாழைப்பழம் நீட்டுகிற வேலை வேண்டாம்.

முதல் நீண்ட ட்ரிப்புக்குப் பையில் என்ன வைப்பது என்று போன கிழமை ஒரு தம்பி கேட்டான். சாரம் இரண்டு, டோர்ச், டயர் தட்டும் கம்பி, பழைய கையுறை, அடையாள அட்டை, பனடோல் ஒரு கார்ட், தண்ணீர்ப் போத்தல். பாட்டா சிலிப்பரோடு வராதே, பெடலுக்கு இடையில் மாட்டும், பின்பக்கம் வார் வைத்த செருப்போ சப்பாத்தோ போடு. அப்புறம் அம்மா கட்டித் தரும் சோற்றுப் பார்சல் இரண்டாக இருக்கட்டும், ஒன்று ட்ரைவருக்கு.