'கெட்' என்னும் சின்ன வினையைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இடறுவது பெரும்பாலும் கடினமான சொற்களில் அன்று. 'எஸ்கலேஷன்', 'டெலிவரபிள்' போன்றவற்றை எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சரளமாகச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். ஆனால் தொடக்கப் பள்ளியில் படித்த 'கெட்' ஒரே மின்னஞ்சலில் மூன்று பொருளில் வந்து நிற்கும்போது திணறுகிறார்கள். அகராதியைத் திறந்தால் பெறு, அடை, ஆகு, வாங்கு, சேர், புரிந்துகொள் என்று வரிசை நீள்கிறது. அந்த வரிசையை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. இந்த வினைக்குப் பொருள் கொடுப்பது பெரும்பாலும் அதற்கு அடுத்து வரும் சொல்தான். ஆகவே கண் முதலில் அங்கே போக வேண்டும்.

அடுத்து வருவது ஒரு பொருளின் பெயரானால், அது கைக்கு வந்ததைச் சொல்கிறது என்று கொள்ளலாம்: 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது, 'ஐ காட் எ ஜாப்' என்றால் வேலை கிடைத்தது, 'ஐ காட் சம் மில்க்' என்றால் பால் வாங்கினேன். 'டயர்ட்', 'ஆங்ரி', 'லேட்' போன்ற நிலையைக் குறிக்கும் சொல் வந்தால் 'ஆகு' என்று பொருள். 'இட் இஸ் கெட்டிங் லேட்' என்பதை நாம் 'நேரமாகிறது' என்கிறோம். இடத்தின் பெயர் வந்தால் போய்ச் சேர்வது: 'ஹவ் டு ஐ கெட் டு மெஜஸ்டிக்?' இவை மூன்றும் எளியவை. 'டு' என்பதோடு ஒரு வினை வரும் இடத்தில்தான் கவனம் வேண்டும். 'ஐ காட் டு மீட் ஹெர்' என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்' என்றால் சந்தித்தே ஆக வேண்டும். பேச்சில் இந்த 'ஹேவ்' தேய்ந்து மறைந்து 'காட்டா' என்று மட்டுமே காதில் விழும் என்பதால், அலைபேசி அழைப்பில் வாய்ப்பைக் கடமையாகவும் கடமையை வாய்ப்பாகவும் எடுத்துக்கொள்வது எளிதாக நேர்கிறது.

மேலே உள்ள தமிழ்த் தொடர்களை மறுபடி பாருங்கள். கடிதம் வந்தது, வேலை கிடைத்தது, யாருக்கு? எனக்கு. காய்ச்சல் வந்தது, நகைச்சுவை புரிந்தது, நேரம் கிடைத்தது எல்லாவற்றிலும் நாம் நான்காம் வேற்றுமையில் அமர்ந்திருக்கிறோம். எழுவாயாக இருப்பது வந்து சேரும் பொருள். ஆங்கிலம் மனிதனை எழுவாயாக்கி, அவன் வாயிலிருந்து 'ஐ காட்' என்று தொடங்க வைக்கிறது. கன்னடத்திலும் 'நனகெ கெல்ச சிக்து' என்றுதான் சொல்கிறார்கள், இந்தியிலும் 'முஜே நௌகரி மிலீ' என்றுதான். ஆகவே இந்தத் திருப்பம் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் புதியதே. ஆங்கிலத்தில் எழுதுமுன், உங்கள் மனத்தில் தோன்றும் தமிழ்த் தொடர் 'எனக்கு', 'அவனுக்கு' என்று தொடங்கி வந்தது, கிடைத்தது, புரிந்தது என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அங்கே 'கெட்' பொருந்த நிறைய வாய்ப்பு உண்டு. 'ஃபீவர் கேம் ஃபார் மீ' என்று எழுதும் கை 'ஐ காட் எ ஃபீவர்' என்று திருந்த இந்த ஒரு சோதனையே போதும்.

செயப்பாட்டு வினையாக வரும் 'கெட்' நமக்கு அந்நியமன்று. 'திட்டு வாங்கினான்', 'அடி வாங்கினான்' என்று நாம் சொல்வதைப் போலவேதான் 'ஹி காட் ஸ்கோல்டட்' அமைந்திருக்கிறது. இங்கே 'வாஸ்' என்று போட்டாலும் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் நிறம் மாறும்: 'ஷி வாஸ் மேரிட்' என்பது திருமணமானவராக இருந்தார் என்ற நிலையையும் குறிக்கலாம், 'ஷி காட் மேரிட்' என்பது திருமணம் நடந்ததை மட்டுமே குறிக்கும்.

பிறரைக் கொண்டு செய்விக்கும் 'கெட்' நம்மவர் அதிகம் தவறவிடும் இடம். நாம் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியவர் அல்சூரில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துநர் என்று கேட்பவருக்குத் தெரியும். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால், கண்ணாடி முன் நின்று தானே கத்தரித்துக்கொண்டதாகத்தான் அமெரிக்க வாடிக்கையாளர் முதலில் நினைப்பார். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. அலைபேசி பழுது பார்த்ததும், சட்டை தைத்ததும் இதே வாய்பாடுதான். ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'காட் ஹிம் டு சைன்' என்று வரும். அதில் எடுத்துச் சொல்லி, சற்றே முயன்று இணங்க வைத்த சாயல் உண்டு. 'மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்தியதாகும், 'ஹேட் ஹிம் சைன்' என்றால் வெறும் ஏற்பாடு. மேலாளரைப் பற்றி எழுதும்போது இந்த மூன்றையும் மாற்றிப் போடாதீர்கள்.

இனி, இதற்கு ஈடான சொற்கள். 'கெட்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர் வழியாக வந்த வீட்டுச் சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு வந்த பிரெஞ்சுச் செல்வாக்காலும், படிப்பாளிகளின் லத்தீனாலும் 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'அக்வயர்' ஆகியவை சேர்ந்தன. ஆவண வாசனை அவற்றை இன்றும் விடவில்லை. 'ரேஷன் கார்டு வாங்கினேன்' என்பதற்கும் 'குடும்ப அட்டையைப் பெற்றுக்கொண்டேன்' என்பதற்கும் உள்ள இடைவெளியே அது. தானாக வந்து சேரும் மின்னஞ்சலுக்கும் பணத்துக்கும் 'ரிசீவ்'. விண்ணப்பித்து, அலைந்து பெறும் அனுமதிக்கும் சான்றிதழுக்கும் 'அப்டெய்ன்'. நாளடைவில் கைவரும் திறனுக்கும், கையகப்படுத்தும் நிலத்துக்கும் 'அக்வயர்'. போய் எடுத்து வருவதற்கு 'ஃபெட்ச்'. ஆனால் 'கெட்' தரக்குறைவானது என்று யாரோ சொன்னதை நம்பி எல்லா இடத்திலும் மாற்றினால், 'ஐ ரிசீவ்ட் ஃபீவர்' என்று நகைப்புக்கு இடமாகிவிடும். ஒப்பந்தம், விண்ணப்பம், உயரதிகாரிக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றில் மாற்றுங்கள். சக ஊழியருக்கு அனுப்பும் இரண்டு வரிச் செய்தியில் 'கெட்' இருக்கட்டும்.

ஒட்டுச் சொற்கள் சேர்ந்தால் வரும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பழகத்தான் வேண்டும். அவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை. 'கெட் அலாங்' ஒத்துப்போவது, 'கெட் பை' எப்படியோ சமாளிப்பது, 'கெட் பேக் டு யூ' பிறகு மறுமொழி தருவது. இந்தியாவுக்கே உரிய வழக்குகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பி.எம்.டி.சி. பேருந்தில் 'சில்க் போர்டில் கெட் டவுன்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேருந்திலிருந்து இறங்குவது 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்குவது 'கெட் அவுட்'. அங்கே ஒருவர் 'கெட் டவுன்!' என்று கத்தினால் தரையோடு பதுங்கச் சொல்கிறார். அதேபோல் 'த மீட்டிங் காட் ஓவர்' நம் ஊர் வழக்கு. வெளிநாட்டவருக்கு 'இஸ் ஓவர்' அல்லது 'எண்டட்' என்று எழுதுங்கள். 'கெட் ஓவர்' அவர்களுக்கு நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது.

அமெரிக்கரோடு பேசுபவர்களுக்கு இன்னொன்று. அவர்கள் 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் முயன்று வாங்கியாயிற்று. 'காட்டன்' பிழையன்று, இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கிழந்த பழைய வடிவம். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழியில் வந்ததால் நமக்கு அது விநோதமாகப் படுகிறது. நீங்களாகப் பயன்படுத்த வேண்டிய அவசியமில்லை, அவர்கள் எழுதியதைத் திருத்தவும் வேண்டாம்.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் 'கெட்', 'காட்' இரண்டையும் தேடி எடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அதே கருத்தைத் தமிழில், 'பெறு' என்ற சொல்லைத் தொடாமல் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால், அந்த ஆங்கிலத் தொடரை எழுதிய அன்றும் என்ன சொல்ல வந்தோம் என்று உங்களுக்குத் தெளிவாக இருந்திருக்காது. அதை முதலில் தமிழில் முடிவு செய்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தைத் திருத்துங்கள்.