தீவிர வைரஸ் தொற்றும் நுரையீரலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா, இன்ஃபுளுயன்ஸா போன்ற வைரஸ்களால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் ஒருவர் பிழைப்பது வைரஸின் வீரியத்தை மட்டுமே பொறுத்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்ஸா கொள்ளைநோயில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான மரணங்களுக்கு வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சையிலும், வைரஸ் தொடங்கிவைத்த சேதத்தோடு இரண்டாம் தொற்று, இரத்தக்கட்டி, அளவுக்கு மிஞ்சிச் செலுத்தப்படும் காற்று, நேரம் தவறிக் கொடுக்கப்படும் மருந்து ஆகியவை சேர்ந்துகொள்வதாலேயே பலருடைய உயிர் பறிபோகிறது. இவற்றில் கணிசமான பகுதி தடுக்கக்கூடியது என்பதால், மருத்துவர்கள் மட்டுமன்றிக் குடும்பத்தாரும் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

முதல் தவறு வீட்டிலேயே நேர்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு வெகுவாகக் குறைந்த பின்பும் சில நோயாளிகள் மூச்சுத்திணறலை உணராமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் கண்டோம். ஆகவே, ‘நன்றாகத்தானே பேசுகிறார்’ என்பதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. பல்ஸ் ஆக்சிமீட்டரில் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலும், ஓய்வாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 24 முறையைத் தாண்டினாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கக் கூடாது. நிறம் ஆழ்ந்த தோல் உடையவர்களிடம் இக்கருவி சில வேளைகளில் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டிவிடுகிறது என்பதை 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் மக்களுக்கும் இது பொருந்தக்கூடும் என்பதால், கருவியின் எண்ணோடு மூச்சின் வேகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்ஃபுளுயன்ஸாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. ஓசெல்டாமிவிர் எனும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் மிகுதி. கடுமையாக நோயுற்றவருக்குப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பது பெரும் பிழை.

ஸ்டீராய்டு மருந்தில் நேர்ந்த தவறுகள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. பிரிட்டனில் நடைபெற்ற ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாட்கள் கொடுத்தபோது, வெண்டிலேட்டர் எனும் செயற்கை மூச்சுக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளிடையே 28 நாள் இறப்பு விகிதம் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்ததை 2020இல் நிறுவியது. அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு இம்மருந்தால் எந்தப் பலனும் இல்லை என்பதையும், தீங்கு நேரக்கூடும் என்பதையும் காட்டியது. முதல் பாதி வேகமாகப் பரவியது. இரண்டாம் பாதி பலரைச் சென்று சேரவில்லை. 2021இல் இந்தியாவின் இரண்டாம் அலையின்போது காய்ச்சல் கண்ட முதல் நாட்களிலேயே, பல இடங்களில் மருந்துச்சீட்டுகூட இல்லாமல், ஸ்டீராய்டு மாத்திரைகள் உட்கொள்ளப்பட்டன. கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில் மியூகார்மைகோசிஸ் எனும் கறுப்புப் பூஞ்சை நோய் வேரூன்றியது. நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தமிழ்நாடு அரசு அவ்வாண்டு மே மாதம் அதனை அறிவிக்கத்தக்க நோயாக, அதாவது கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக, அறிவித்தது. கொரோனாவுக்குப் பயன்பட்டது என்பதற்காக எல்லா வைரஸ் நிமோனியாவுக்கும் ஸ்டீராய்டு கொடுப்பதும் சரியன்று. இன்ஃபுளுயன்ஸாவில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததையே பல கவனிப்பு ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

வெண்டிலேட்டர் குறித்த அச்சமும் ஒரு தவறாகவே முடிகிறது. ‘மெஷினில் போட்டால் திரும்ப மாட்டார்’ என்ற பேச்சை நம்பிக் குடும்பத்தார் சம்மதம் தரத் தயங்குவதுண்டு. மிகக் கடுமையாக நோயுற்றவர்களுக்கே அக்கருவி பொருத்தப்படுகிறது என்பதால் அவர்களிடையே இறப்பு மிகுதி. கருவிதான் கொல்கிறது என்று அதற்குப் பொருளில்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகிக் கருவியில் இணைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முகமூடி வழியே ஆக்சிஜன் பெறுபவர் மணிக்கணக்காக முழு பலத்தோடு மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தால், அந்த முயற்சியே நுரையீரலை மேலும் கிழிக்கக்கூடும் என்பதால், களைப்பும் குழப்பமும் தெரியத் தொடங்கியதும் முடிவெடுக்கத் தாமதிக்கக் கூடாது என்பதே கருத்து.

கருவியைப் பொருத்திய பிறகு, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைச் செலுத்துவது என்பதே உயிரைத் தீர்மானிக்கும் கேள்வியாகிறது. ஏஆர்டிஎஸ் எனப்படும் கடுமையான மூச்சுச் செயலிழப்பில் காற்றறைகள் நீரால் நிரம்பிச் சுருங்கிவிடுவதால், வளர்ந்த மனிதரின் மார்புக்குள் ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்கே காற்று புகக்கூடிய பகுதி எஞ்சியிருக்கும். வழக்கமான அளவுக் காற்றை அதற்குள் திணித்தால், நலமாக இருக்கும் பகுதியும் விரிந்து சிதைகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், எதிர்பார்க்கப்படும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் காற்றைச் செலுத்தியபோது இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லாமல், கருவியின் அளவை மாற்றியதாலேயே கிடைத்த பலன் இது.

இருந்தும் இந்த இடத்தில் இன்றும் தவறு நேர்கிறது. எதிர்பார்க்கப்படும் எடை என்பது உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணக்கிடப்படுவது. எடைப்பொறி காட்டும் எண் அன்று. 152 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு எதிர்பார்க்கப்படும் எடை ஏறக்குறைய 45 கிலோதான்; எனவே மூச்சுக்கு 270 மில்லிலிட்டர் போதும். உண்மையான எடையை வைத்துக் கணக்கிட்டால் 450 மில்லிலிட்டர் செலுத்தப்படும். உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளியின் உயரத்தை நாடாவால் அளந்து குறிப்பேட்டில் எழுதுவது ஒரு நிமிட வேலை. அதைத் தவிர்த்துக் கண்மதிப்பில் எழுதுவது, குறிப்பாகக் குட்டையான பெண்களுக்கு, பெருந்தீங்காக முடிகிறது.

அழுத்தம் மிகும்போது காற்று நுரையீரலைக் கிழித்துக்கொண்டு மார்புக் குழிக்குள் புகுந்துவிடலாம். ஆக்சிஜன் அளவும் இரத்த அழுத்தமும் திடீரென ஒன்றாகச் சரிந்தால், நோய் முற்றுகிறது என்று முடிவுகட்டிவிடாமல், இந்தக் காற்றுக்கசிவையும் மூச்சுக்குச் செருகிய குழாயின் அடைப்பையும் உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். காற்றுக்கசிவு, மார்பில் வடிகுழாய் பொருத்தினால் சில நிமிடங்களில் மீளக்கூடிய நிலை.

குப்புறப் படுக்க வைப்பதைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கிவைப்பதும் இழப்பையே தருகிறது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கடுமையான ஏஆர்டிஎஸ் நோயாளிகளை நாளொன்றுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகப் பாதியானது. இரண்டு மணி நேரம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது சிகிச்சையாகாது. நான்கைந்து பயிற்சி பெற்ற கைகள் இதற்குத் தேவை. செவிலியர் எண்ணிக்கை குறைந்த இடங்களில் இந்தச் சிகிச்சை நடக்காமல் போவதற்கு அதுவே காரணம், அறியாமை அன்று.

நரம்பு வழியே ஏற்றும் திரவத்தில் தாராளம் காட்டினால் ஏற்கெனவே நனைந்திருக்கும் நுரையீரல் மேலும் நனையும். இரத்தக்கட்டியைத் தடுக்கும் ஹெப்பாரினை மறப்பது தவறு; தீவிர நிலையில் உள்ள எல்லோருக்கும் தடுப்புக்கான குறைந்த அளவுக்குப் பதிலாக முழுச் சிகிச்சை அளவில் கொடுப்பதும் கூடுதலாக உயிர் காக்கவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 8 விழுக்காட்டினருக்கே பாக்டீரியா தொற்று இருந்தும், 75 விழுக்காட்டினருக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் தெரிவித்தது. மாறாக, வெண்டிலேட்டரில் ஒரு வாரத்தைக் கடந்தவருக்குப் புதிதாகக் காய்ச்சலோ நிறம் மாறிய சளியோ தோன்றினால், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தேடிச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருப்பது ஆபத்து.

வீடு திரும்பிய பின் நேரும் தவறுகளும் உண்டு. சி.டி. ஸ்கேனில் தழும்பு தெரிகிறது என்பதற்காக, நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருக்கிறார்கள். கனடாவில் ஏஆர்டிஎஸ்ஸிலிருந்து மீண்டவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அவர்களது நுரையீரல் செயல்பாடு ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பியிருந்தது. தசைகளின் பலவீனமும் மனச்சோர்வுமே நெடுநாள் நீடித்தன. எனவே பிசியோதெரபியும் நடைப்பயிற்சியும் மருத்துவர் சொன்ன அளவில் முதல் வாரங்களிலேயே தொடங்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்குள் நடைச் சோதனையும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். இடையில் திடீரென மூச்சிரைப்பு கூடினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, அது இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால், அடுத்த சோதனை நாள் வரை பொறுத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.