உப்புக்காத்து வீட்டுக்கு ஒரு சின்ன ஹாட் டப்

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் வீடு இருந்து, ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டி வாங்க நினைத்தால், தண்ணீர் பீய்ச்சும் ஜெட் எத்தனை, என்ன கலர் லைட் என்று பார்க்கும் முன் உங்கள் போர் தண்ணீரைப் பாருங்கள். கடற்கரையில் பல வீடுகளில் வருவது உவர்நீர்தான். அதைச் சூடாக்கினால் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிந்துவிடும், கீசர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான், அதை வாங்கி அளந்து பார்த்துவிடுங்கள். போர் தண்ணீர் சரிப்படாது என்றால் லாரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் 1,500 லிட்டர் டப் வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் உட்கார 600, 700 லிட்டர் போதும்.

அடுத்தது துரு. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதற்கே தூக்குப் பகுதியில் ஏறிய துருதான் காரணம், அப்படிப்பட்ட காற்று இது. நான் முதலில் வாங்கிய டப்பில் பம்பை மூடியிருந்த தகடும் திருகுகளும் ஒரே மழைக்காலத்தில் பொடியாக உதிர்ந்தன, விற்றவர் அது வாரன்டியில் வராது என்றுவிட்டார். அதனால் வாங்கும்போதே ஹீட்டர் என்ன உலோகம் என்று கேளுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீலிலேயே 304 ரகத்தை விட 316 ரகம் உப்பைத் தாங்கும், டைட்டானியம் கிடைத்தால் அதுதான் நம் ஊருக்கு. வெளிச்சட்டம் இரும்பாக இருந்தால், பெயின்ட் அடித்திருக்கிறது என்று சொன்னாலும் விட்டுவிடுங்கள். உப்புக் காற்று வாரன்டியில் அடங்குமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றடைக்கும் டப் விலை குறைவு, துருப்பிடிக்க அதில் அதிகம் ஒன்றும் இல்லை, முதல் டப்பாக அதுவே நல்லது என்பது என் கருத்து. ஆனால் வெயிலில் பி.வி.சி. சீக்கிரம் வீணாகும், நிழலில் வையுங்கள். காலியாக இருந்தால் கச்சான் காற்றில் பறந்தே போய்விடும்.

மொட்டை மாடியில் வைக்க ஆசைப்படுவார்கள், கடல் தெரியும் இல்லையா. 60 செ.மீ. ஆழத் தண்ணீர் என்றாலே சதுர மீட்டருக்கு 600 கிலோ. வீட்டு மாடித் தளங்களைப் பெரும்பாலும் 150, 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் கட்டுவார்கள். இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லாமல் ஏற்றாதீர்கள். கீழே, கெட்டியான சிமென்ட் தரையில் வைப்பதே நல்லது.

கரன்ட் கணக்கும் போட்டுவிடலாம். 700 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுவர 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், 2 கிலோவாட் ஹீட்டருக்கு நான்கு மணி நேர வேலை. தினமும் ஆறவிட்டுச் சூடாக்கினால் பில் ஏறும், அதனால் இறுக்கமாக மூடும் நல்ல மூடி இல்லாத டப்பை எடுக்காதீர்கள். கொசுவும் உள்ளே போகாது. தனி லைன், சரியான எர்த், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம் வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டவே கூடாது, ஈரக்கையோடு புழங்கும் இடம் அது.

இந்த வெயிலில் வெந்நீர்த் தொட்டி எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. படகில் வலை இழுத்த அப்பாவின் முதுகுக்காகத்தான் வாங்கினேன். மார்கழி மாலையில் கால் மணி நேரம் அதில் உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறார். 40 டிகிரிக்கு மேல் யாருக்கும் வைக்காதீர்கள், நம் ஊர் புழுக்கத்தில் 37, 38 போதும். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது, சின்னக் குழந்தைகளை இறக்கவே வேண்டாம்.

கிருமியைக் கொல்லும் குளோரின் 3 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) குறையாமலும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2-லிருந்து 7.8-க்குள்ளும் இருக்கிறதா என்று சோதனைத் தாளில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபில்டர் உங்கள் ஊருக்கு எத்தனை நாளில் வந்து சேரும் என்பதையும் கடைக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், மாற்றும் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள். குளோரின் போடுவதை நிறுத்தி மூடியைத் திறந்து வெயிலில் விட்டு, தாளில் குளோரின் காட்டாத பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம், மற்ற மரங்களை விடத் தென்னை உப்பைத் தாங்கும்.